எலிக்குட்டியின் 20ஆம் நாள்: மயலின் நொதி ஏன் ஏறி இறங்குகிறது?

கேள்வி இது. குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வேலூர் வந்து எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கும் தம்பி ஒருவர், எலிக்குட்டிகளின் மூளையில், மயலின் என்ற நரம்புறைக் கொழுப்பைச் செய்ய உதவும் சி.ஜி.டி. என்ற நொதியின் மரபணு வெளிப்பாட்டை, அதாவது அந்த மரபணு எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்பதை, 5, 10, 15, 20, 30, 60 ஆகிய நாட்களில் அளந்திருக்கிறார். 20ஆம் நாளில் உச்சம். 60ஆம் நாளில் அதில் பாதிகூட இல்லை. “வயது ஏற ஏற மூளையில் மயலின் குறைகிறது என்று எழுது” என்று வழிகாட்டி சொல்லிவிட்டாராம். அது சரியா என்பது முதல் கேள்வி. வீட்டில் ப்ராஜெக்ட்டைப் பற்றிச் சொன்னபோது, “எலி மூளைய அறுத்துப் பாத்து நம்ம ஊர்ப் புள்ளைங்களுக்கு என்ன ஆகப்போவுது?” என்று ஆயா கேட்டாராம். அதற்கு என்ன சொல்வது என்பது இரண்டாவது.

தம்பி, முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். அப்படி எழுதாதீர்கள். நீங்கள் அளந்தது சரியாகவே இருக்கலாம். அதை வைத்து எடுத்த முடிவுதான் தப்பு. எலி மூளையிலிருந்து மயலினைப் பிரித்தெடுத்து எடைபோட்ட பழைய கணக்கு ஒன்று உண்டு. 15 நாள் குட்டியின் மூளையில் கிடைப்பது ஏறக்குறைய 4 மில்லிகிராம். 6 மாத எலியின் மூளையில் 60 மில்லிகிராம். இந்த இடைவெளியில் மூளையின் எடை ஒன்றரை மடங்குதான் ஆகிறது. மயலின் 15 மடங்கு ஆகிவிடுகிறது. உங்கள் 60ஆம் நாள் எலி இந்த ஏறுமுகத்தின் நடுவில் இருந்த எலி. அதன் மூளையில் மயலின் கூடிக்கொண்டுதான் இருந்தது. மரபணு இறங்குகிறது, மயலின் ஏறுகிறது. இந்த இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் உங்கள் ப்ராஜெக்ட்டின் உயிர். அதை ஒரு தவறான வரியில் முடித்துவிட்டால் இத்தனை மாத உழைப்பும் போச்சு.

நான் வேலூரில் மூளைக் கொழுப்புகளோடு முப்பது வருடத்துக்கு மேல் புழங்கியவன். சேர்ந்த புதிதில் என் வேலை, விடிவதற்குள் கறிக்கடைக்குப் போய்ச் செம்மறியாட்டு மூளை வாங்கி, ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டியில் வைத்து, சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவருவது. நம் ஊர் வெயில் ஏறுவதற்குள் பெட்டி குளிரறைக்குள் போய்விட வேண்டும். அந்த மூளையைக் கத்தியால் குறுக்கே வெட்டினால், ஓரத்தில் வளைந்து வளைந்து ஒரு சாம்பல் பட்டை தெரியும். அதற்கு உள்ளே பால்வெள்ளை. சாம்பல் பகுதி விரல் பட்டால் குழைந்துவிடும். வெள்ளைப் பகுதி கொஞ்சம் இறுக்கமாக, ஈரச் சோப்பைத் தொடுவது மாதிரி வழுவழுப்பாக இருக்கும். அந்த வெள்ளைதான் மயலின். நரம்பிழைகளைச் சுற்றிச் சுற்றி அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் கொழுப்புச் சவ்வு அது. உலர்ந்த எடையில் 70 முதல் 85 சதவீதம் வரை கொழுப்பு, மிச்சம் புரதம். உங்கள் 5ஆம் நாள் குட்டியின் மூளையை நினைத்துப் பாருங்கள். சாம்பல், வெள்ளை என்ற பிரிவே கண்ணுக்குத் தெரிந்திருக்காது; எல்லாம் ஒரே மாதிரி, வெளிறிய இளஞ்சிவப்புக் கூழ்.

ஆட்டுக்குட்டி பிறந்த சற்று நேரத்துக்கெல்லாம் தள்ளாடித் தள்ளாடி எழுந்து தாயின் மடியைத் தேடிப் போய்விடுகிறது. எலிக்குட்டி கண்ணைத் திறக்கவே இரண்டு வாரம் ஆகிறது. ஆட்டின் மயலின் வேலையில் பெரும்பகுதி தாய் வயிற்றுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. எலிக்கு அது பிறந்த பிறகுதான் தொடங்குகிறது. மனிதக் குழந்தை இரண்டுக்கும் நடுவில். கருவில் பாதி மாதங்கள் கடந்தபின் தண்டுவடத்தில் தொடங்கி, கடைசி மூன்று மாதங்களில் மூளைக்கு ஏறி, பிறந்த முதல் இரண்டு வருடங்களில் வேகமெடுக்கிறது. முன்மூளைப் பகுதிகளில் இருபது வயது தாண்டியும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது. எலியில் ஆய்வு செய்வதற்குப் பெரிய காரணமே இதுதான். நமக்கு வருடக்கணக்கில் நடக்கும் ஒன்று, அங்கே பிறந்த பின் சில மாதங்களுக்குள் கண்முன்னே நடந்துவிடுகிறது.

இப்போது நொதிக்கு வருவோம். சி.ஜி.டி. என்பது செராமைடு கேலக்டோசில் டிரான்ஸ்ஃபெரேஸ். இதன் மரபணுவுக்கு யு.ஜி.டி.8 என்று பெயர்; மனிதனுக்கு 4ஆம் குரோமோசோமில் இருக்கிறது. மூளையில் மயலினைச் செய்யும் செல் ஒலிகோடென்ட்ரோசைட். அதன் எண்டோபிளாஸ்மிக் வலைப்பின்னல் என்ற உள்சவ்வு அறைக்குள் இந்த நொதி உட்கார்ந்திருக்கிறது. செய்கிற வேலை ஒரே ஒரு இணைப்பு. செராமைடு என்ற கொழுப்பின் தலையில் ஒரு கேலக்டோஸ் சர்க்கரையைக் கொண்டுபோய் ஒட்டுகிறது. அவ்வளவுதான். ஒட்டியதும் அது கேலக்டோசெரிப்ரோசைடு ஆகிவிடுகிறது. மயலினின் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாக இருப்பது இதுதான். இதில் ஒரு பகுதி, செல்லின் இன்னொரு உள்ளறையான கோல்ஜிக்குப் போய், அங்கே இன்னொரு நொதியால் சல்ஃபேட் ஏற்றப்பட்டு சல்ஃபடைடு ஆகிறது. மூளையில் செரிப்ரோசைடின் அளவு மயலினின் அளவோடு கைகோத்தே ஏறும். அதனால் சி.ஜி.டி.யை அளப்பது என்பது மயலின் கட்டும் வேகத்தைத் தொட்டுப் பார்ப்பது.

“வேகம்” என்ற சொல்லைக் கவனியுங்கள். குழப்பம் முழுவதும் அங்கேதான்.

காவேரிப்பாக்கம் ஏரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிற ஏரி. ஐப்பசி, கார்த்திகையில் வரத்துக்கால்வாய் கரைபுரண்டு ஓடும். தை மாதம் போய்ப் பார்த்தால் கால்வாயில் முழங்கால் அளவுகூட இருக்காது. ஆனால் ஏரி நிறைந்து கிடக்கும். கால்வாயை மட்டும் பார்த்துவிட்டு ஏரி வற்றிப்போச்சு என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார். அவர் மதகையும் பார்ப்பார். தம்பி, நீங்கள் ஆர்.டி.பி.சி.ஆர். என்ற சோதனையில் அளந்த தூது ஆர்.என்.ஏ., அதாவது நொதியைச் செய்யச் சொல்லி மரபணு அனுப்பும் நகல், வரத்துக்கால்வாய். மயலின்தான் ஏரி. செரிப்ரோசைடைச் சிதைக்கிற நொதி ஒன்று இருக்கிறது, அது மதகு. மயலினில் ஒருமுறை சேர்ந்த கொழுப்பு மிக மெதுவாகத்தான் மாறும். மூளையில் இருக்கும் கொலஸ்ட்ராலை எடுத்துக்கொண்டால், அதில் பாதி புதிதாக மாற மனிதனுக்குக் குறைந்தது 5 வருடம் என்றும் எலிக்கு 4 முதல் 6 மாதம் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். மதகு இவ்வளவு சன்னமாகத் திறந்திருந்தால், வரத்து பாதிக்குக் கீழே போனாலும் ஏரி ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

20ஆம் நாளில் ஏன் அப்படி ஓர் உச்சம் என்று கேட்பீர்கள். அந்த வயதில் ஓர் ஒலிகோடென்ட்ரோசைட் ஒரே நாளில் தன் எடையைப்போல மூன்று மடங்குக்கு மேல் மயலின் செய்கிறது என்பது ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. இதைப் படித்த முதல் நாள் நான் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன். உடம்பில் வேறு எந்தச் செல்லிடமும் இப்படி ஒரு சவ்வு உற்பத்தியை நான் கண்டதில்லை. ஒரு செல், கைகளை நீட்டி நாற்பது ஐம்பது இடங்களில் நரம்பிழைகளைச் சுற்றுகிறது. அந்த வேகத்துக்குச் சரக்கு வர வேண்டுமென்றால் சி.ஜி.டி., கொலஸ்ட்ரால் செய்யும் நொதிகள், மயலின் புரதங்களின் மரபணுக்கள் எல்லாம் ஒன்றாக எழுந்தாக வேண்டும். எழுகின்றன. சுற்றி முடிந்தபின் பராமரிப்புக்கு வேண்டிய அளவுக்கு இறங்கி நிற்கின்றன. ஆனால் பூஜ்யத்துக்குப் போவதில்லை. வளர்ந்த எலியிலும் யு.ஜி.டி.8 ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் 60ஆம் நாள் எண்ணைப் பராமரிப்பு நிலை என்று அழைப்பதுதான் பொருத்தம்.

முடிவை எழுதுமுன் உங்கள் அளவீட்டையே கொஞ்சம் சந்தேகியுங்கள். இதை நான் யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. நானே இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தவன். சி.ஜி.டி.யின் அளவை வகுத்துப் பார்க்க எந்த மரபணுவை ஒப்பீட்டுக்கு வைத்தீர்கள்? கேள்வியில் அது இல்லை. பெரும்பாலான மாணவர்கள் பீட்டா ஆக்டின் என்ற மரபணுவை வைப்பார்கள், எப்போதும் மாறாதது என்ற நம்பிக்கையில். வளரும் மூளையில் அது மாறும். பிறந்த புதிதில் நரம்புச் செல்கள் கிளை விட்டுக்கொண்டிருக்கும்போது ஆக்டின் அதிகம். வயது ஏற இறங்கிவிடும். ஜி.ஏ.பி.டி.எச். என்ற இன்னொரு ஒப்பீட்டு மரபணு இதற்கு நேர் எதிர், மூளை முதிர முதிர ஏறும். ஆக்டினை அடியில் வைத்து வகுத்தால் 60ஆம் நாள் எண் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும், ஜி.ஏ.பி.டி.எச். வைத்தால் சிறிதாகத் தெரியும். ஒரே மாதிரியிலிருந்து இரண்டு கதை வந்துவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட ஒப்பீட்டு மரபணுக்களை வைத்து, உங்கள் மாதிரிகளிலேயே எது நிலையாக இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வளைகோடு வரைய வேண்டும்.

அடுத்தது, முழு மூளையையும் சேர்த்து அரைத்தீர்களா? அப்படியென்றால் பல கடிகாரங்களின் நேரத்தைக் கூட்டிச் சராசரி போட்டிருக்கிறீர்கள். மயலின் எல்லா இடத்திலும் ஒரே நாளில் வருவதில்லை. தண்டுவடம், மூளைத்தண்டு முந்திக்கொள்ளும். பெருமூளையின் வெள்ளைப் பகுதி பின்னால் வரும். மூளைத்தண்டை மட்டும் தனியாக வெட்டி அளந்திருந்தால் உச்சம் 20க்கு முன்னாலேயே வந்திருக்கக்கூடும்.

ஆர்.என்.ஏ. விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஆர்.என்.ஏ.வை ஜெல்லில் ஓட்டி, புற ஊதா விளக்கின் மேல் வைத்துப் பார்த்தீர்களா? இருட்டறையில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கோடுகள் எழும். மேலே 28எஸ், கீழே 18எஸ் என்ற இரண்டு வகை ரைபோசோம் ஆர்.என்.ஏ. மேல்கோடு கீழ்கோட்டைப்போல இரண்டு மடங்கு பிரகாசமாக, ஓரங்கள் கூராக இருந்தால் மாதிரி நன்றாக இருக்கிறது. கோடுகள் கரைந்து கீழே புகைபோல இழுத்திருந்தால் ஆர்.என்.ஏ. சிதைந்துவிட்டது. அதற்குமேல் பி.சி.ஆர். இயந்திரம் எத்தனை தசமம் போட்டுக் காட்டினாலும் நம்பாதீர்கள். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் மூளையை வெளியே எடுத்துவிட்டு, கைபேசி வந்தது என்று ஐந்து நிமிடம் மேசையில் விட்டால் போதும். என்னுடைய ஒரு மே மாத மாதிரி முழுவதும் அப்படிப் போயிருக்கிறது. கரண்ட் போய், ஜெனரேட்டர் எடுக்கத் தாமதமாகி, ஃப்ரீசருக்குள் நீர் சொட்டியதைக் காலையில்தான் பார்த்தேன். 48 குட்டிகள். அந்த உயிர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. உங்கள் குட்டிகளின் கணக்கும் வீணாகக் கூடாது என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

இந்த நொதியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டவர்களும் உண்டு. 1993இல் எலியில் இதன் மரபணுவைப் படியெடுத்தார்கள். 1996இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக, அந்த மரபணு இல்லாத சுண்டெலிகளை உருவாக்கின. மயலினே வராது என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வந்தது. செல் கேலக்டோஸுக்குப் பதிலாக குளுக்கோஸை ஒட்டிய கொழுப்பை வைத்துச் சமாளித்திருந்தது. நுண்ணோக்கியில் சாதாரணப் பார்வைக்கு அடுக்குகள் ஒழுங்காகவே தெரிந்தன. ஆனால் சுண்டெலிகள் நடுங்கின, பின்னங்கால் தள்ளாடியது, நரம்புச் செய்தியின் வேகம் குறைந்தது, ஆயுளும் நீளவில்லை. உற்றுப் பார்த்தபோது, மயலின் உறை முடிந்து நரம்பிழையைக் கவ்விக்கொள்ளும் ஓரங்களில் பிடிமானம் சரியில்லை. ஒரு சர்க்கரையில் ஒரு கார்பனில் ஒரே ஒரு ஹைட்ராக்சில் மேலே பார்ப்பதா கீழே பார்ப்பதா என்பதுதான் கேலக்டோஸுக்கும் குளுக்கோஸுக்கும் உள்ள வித்தியாசம். அந்த வித்தியாசத்தில் நடையே போய்விட்டது. உயிர்வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த முடிவுகளில் இது ஒன்று.

வேலூரில் உட்கார்ந்து இதைச் செய்கிறீர்கள் என்பதால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி சி.எம்.சி. மருத்துவமனையில் நாட்டின் முதல் நரம்பறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த பத்தாண்டில் பிமல் குமார் பச்சாவத் அங்கே வந்து நரம்பு வேதியியல் ஆய்வுக்கூடத்தைக் கட்டியெழுப்பினார். அதற்கு முன் அமெரிக்காவில், லூசின் என்ற அமினோ அமிலம் உடலில் சிதையும் பாதையை ஆராய்ந்தபோது எச்.எம்.ஜி.-கோ.ஏ. என்ற மூலக்கூறைத் துலக்கியவர்களில் அவர் ஒருவர். இன்று பலர் விழுங்கும் ஸ்டாட்டின் மாத்திரை, அந்த மூலக்கூறிலிருந்து கொலஸ்ட்ராலுக்குப் போகும் வழியைத்தான் அடைக்கிறது. வேலூரில் அவர் கையில் எடுத்தது மூளையின் சல்ஃபேட் கொழுப்புகளை. 1965இல் அவரும் ஏ.எஸ். பாலசுப்ரமணியனும், செம்மறியாட்டு மூளையில் செரிப்ரோசைடின் மேல் சல்ஃபேட் ஏறுவதைக் காட்டினார்கள். உங்கள் சி.ஜி.டி. செய்து கொடுக்கும் பொருளை வாங்கி அடுத்த படி நடத்தும் நொதியின் வேலை அது. இந்த ஊரின் ஆட்டு மூளைக்கு இந்தத் துறையில் இப்படி ஓர் இடம் இருக்கிறது. மருத்துவ அறிவியலுக்கான பட்நாகர் விருது 1962இலேயே பச்சாவத்துக்கு வந்திருந்தது. பி.சி.ஆர். என்ற சொல்லே பிறக்காத காலம். மரபணுவை அளக்க வழியில்லாததால் அவர்கள் பொருளை அளந்தார்கள். அந்தப் பழக்கத்துக்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

இனி ஆயாவின் கேள்வி. அது நல்ல கேள்வி. அதைக் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு.

ஆயாவிடம் முதலில் அந்த ஏரிக் கதையைச் சொல்லுங்கள், மதகு துருப்பிடித்து மூடிக்கொண்ட ஏரியாக. செரிப்ரோசைடைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் இருக்கிறார்கள். 1916இல் டென்மார்க் மருத்துவர் க்னுட் க்ராப்பே விவரித்த நோய். அவர் பெயராலேயே க்ராப்பே நோய் என்கிறோம். எந்த நொதி இல்லை என்பது 1970இல்தான் தெரிந்தது. மிக அரிய நோய். ஆனால் அதன் போக்கைப் பாருங்கள். குழந்தை நன்றாகப் பிறக்கும், பால் குடிக்கும், முகம் பார்த்துச் சிரிக்கும். பெரும்பாலும் ஆறு மாதம் ஆவதற்குள் ஓயாமல் அழத் தொடங்கும், கைகால் விறைக்கும், கற்றதை எல்லாம் ஒவ்வொன்றாக இழக்கும். “நல்லா இருந்த புள்ளைக்கு யாரு கண்ணு பட்டுதோ” என்று தாய் அழுவார். கண் படவில்லை. மதகு பிறக்கும்போதே மூடித்தான் இருந்தது. வரத்து வரும்வரை அது யாருக்கும் தெரியவில்லை. சி.ஜி.டி. மரபணு எழுந்து செரிப்ரோசைடு வெள்ளமாக வரும் மாதங்களில்தான் குறை வெளியே வருகிறது. சைக்கோசின் என்ற நச்சுப் பொருளும் சேர்ந்து, மயலின் செய்யும் செல்களையே கொன்றுவிடுகிறது. இதே குறையோடு பிறக்கும் ட்விச்சர் என்ற சுண்டெலி இனம் இருக்கிறது. அது ஏறக்குறைய 20ஆம் நாளில் நடுங்கத் தொடங்கும், 40ஆம் நாளை ஒட்டி இறந்துவிடும். உங்கள் வளைகோட்டின் உச்சி எங்கே இருக்கிறது? அதே 20இல். உங்கள் படத்தை இந்த நோயின் காலக்கணக்கோடு பொருத்திப் பார்க்கும் ஒரு மருத்துவர், எந்த மாதத்துக்குள் கண்டுபிடித்தால் பயன் உண்டு என்று புரிந்துகொள்வார். சி.ஜி.டி.யைக் கொஞ்சம் அடக்கி வரத்தைக் குறைத்தால் நோய் தணியுமா என்ற ஆராய்ச்சியும் நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு மருந்தை எந்த வயதில் கொடுப்பது என்று தெரிய வேண்டுமே, அதைச் சொல்வதும் இந்த வளைகோடுதான்.

சல்ஃபடைடைச் சிதைக்கும் நொதி இல்லாவிட்டால் வேறு ஒரு நோய், பெரும்பாலும் ஒன்றிரண்டு வயதில், நடக்கக் கற்ற குழந்தை தடுக்கி விழத் தொடங்குவதாக வெளிப்படும். இரண்டு நோய்களும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் வரும். அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டுவதும் அத்தை மகளைக் கட்டுவதும் நம் வட ஆர்க்காட்டுக் குடும்பங்களில் புதிதல்ல. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் மரபணுவில் சராசரியாக நாலில் ஒரு பங்கு பொது. அத்தை மகன், மாமன் மகளுக்கு எட்டில் ஒரு பங்கு. அதனால் இப்படிப்பட்ட அரிய நோய்களின் வாய்ப்பு ஏறுகிறது. பெரும்பாலான உறவுத் திருமணங்களில் பிள்ளைகள் நன்றாகவே பிறக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு வீட்டில் ஒரு குழந்தை இப்படிப் போயிருந்தால், அடுத்த ஒவ்வொரு கருவுக்கும் நாலில் ஒரு வாய்ப்பு என்பதை யாராவது அவர்களுக்குப் பொறுமையாக உட்கார்ந்து சொல்லியாக வேண்டும். சோதித்துப் பார்க்க இன்று வழி இருக்கிறது. மருமகளின் ராசியைப் பழிக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், தம்பி. அந்தப் பழி பொய் என்று நிரூபிக்கும் அறிவு உங்கள் துறையில்தான் இருக்கிறது.

அரிய நோய் வேண்டாம், எல்லா வீட்டுக்கும் பொருந்துகிற மாதிரி சொல் என்று ஆயா கேட்டால், தைராய்டிலிருந்து தொடங்குங்கள். ஒலிகோடென்ட்ரோசைட் முதிர்ந்து மயலின் மரபணுக்களை எழுப்புவதற்குத் தைராய்டு ஹார்மோன் வேண்டும். தைராய்டு இல்லாத எலிக்குட்டிகளில் இந்த மரபணுக்கள் எழுவது தாமதமாகிறது. பிறவியிலேயே தைராய்டு குறைந்த குழந்தைக்கு முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கிவிட்டால் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றிவிடலாம். மாத்திரை மலிவு. கண்டுபிடிக்கப் பிறந்த சில நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் போதும். “பச்சப் புள்ளய ஏன் குத்துறீங்க” என்று தடுக்கிற ஆயாக்களில் உங்கள் ஆயா ஒருவராக இல்லாமல் போனாலே உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு பயன் வந்துவிட்டது.

பிறகு இரும்புச்சத்து. மூளையில் இரும்பு மிக அதிகமாக இருக்கும் செல் இதே ஒலிகோடென்ட்ரோசைட்தான். செரிப்ரோசைடின் கொழுப்பு வாலில் ஹைட்ராக்சில் ஏற்றும் நொதிக்கும் இரும்பு தேவை. இரும்பு குறைந்த எலிக்குட்டிகளுக்கு மயலின் குறைகிறது. இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். மயலின் வேகமாகக் கட்டப்படும் அதே வயது இது என்பதை நினைக்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. கேழ்வரகுக் களி நம் ஊர் உணவு, நல்ல உணவு. ஆனால் அதிலுள்ள இரும்பை உடம்பு முழுதாக இழுத்துக்கொள்ளாது. முருங்கைக்கீரையோடு எலுமிச்சை, நெல்லிக்காய் மாதிரி புளிப்பு ஏதாவது சேர வேண்டும். ஈரல் தின்னும் வீட்டில் ஈரல் கொடுக்கலாம். அங்கன்வாடியில் தரும் இரும்பு டானிக்கை, மலம் கறுக்கிறது என்று பயந்து அலமாரியில் வைத்துவிடாமல் கொடுக்க வேண்டும். இறைச்சி, முட்டை, பால் எதுவும் அதிகம் சேராத தாயின் குழந்தைக்கு பி12 குறைந்தாலும் மயலின் தாமதப்படும். அதையும் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

ஆட்டு மூளை வறுத்துக் கொடுத்தால் பிள்ளைக்கு மூளை வளரும் என்று ஆயா நிச்சயம் சொல்லுவார். என் அம்மாவும் சொன்னார். தின்னட்டும், ருசியான பண்டம், புரதமும் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள செரிப்ரோசைடு குடலிலேயே சர்க்கரையாகவும் கொழுப்பாகவும் உடைந்துவிடும். குழந்தையின் மயலினை அதன் ஒலிகோடென்ட்ரோசைட்தான் உட்கார்ந்து செய்தாக வேண்டும். தேவையான கேலக்டோஸைக்கூட உடம்பு குளுக்கோஸிலிருந்து தானே மாற்றிக்கொள்கிறது.

இப்போது உங்கள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்புவோம். ஒவ்வொரு மூளையிலும் பாதியை மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். 20ஆம் நாள், 60ஆம் நாள் மூளைகளில் சம எடைத் துண்டு எடுத்து, குளோரோஃபார்மும் மெத்தனாலும் இரண்டுக்கு ஒன்று கலந்து கொழுப்பைப் பிரியுங்கள். சிலிக்கா தட்டில் பக்கத்தில் பக்கத்தில் பொட்டு வைத்து, கரைப்பான் தொட்டியில் நிறுத்துங்கள். கரைப்பான் மேலே ஏறியதும் தட்டை எடுத்துக் காயவிட்டு, ஆர்சினாலும் கந்தக அமிலமும் கலந்த கரைசலைத் தெளித்து அடுப்பில் வையுங்கள். சில நிமிடங்களில் வெள்ளைத் தட்டில் ஊதாப் பொட்டுகள் இரண்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக எழும். இரண்டும் செரிப்ரோசைடுதான், கீழே நிற்பது ஹைட்ராக்சில் ஏறியது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் சாமான்களே போதும், ஒரு பகல் வேலை. கந்தக அமிலத்தை மட்டும் புகைக் கூண்டுக்குள் வைத்துத் தெளியுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

60ஆம் நாளின் பொட்டுகள் 20ஆம் நாளினதைவிடத் தடித்துக் கறுத்து நிற்கும். அந்தத் தட்டைப் படமெடுத்து, இறங்கிவரும் உங்கள் வளைகோட்டுக்கு நேர் கீழே அதே பக்கத்தில் ஒட்டி, வழிகாட்டியின் மேசையில் வையுங்கள். அவர் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.